என் தங்கச்சி தலையில் விழுந்த சடை

திண்டிவனத்தில் என் தலையைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் ஒருத்தர் பாக்கி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். புருவம் திருத்த வந்து உட்காருகிறவள்கூடக் கண்ணை மூடுவதற்கு முன்னால் கண்ணாடியில் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வேண்டுதலா?" என்பாள். விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு சாண் நகர்ந்து உட்காருவார். காய்கறிக் கடைக்காரர், "பேன் வராதாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தக்காளியை நிறுப்பார். அவர் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. பேனைப் பற்றி அவருக்கு என்ன கவலை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் தலையில் இருப்பது சடை, சாமியார்கள் தலையில் திரி திரியாகத் தொங்குமே, அது. வேண்டுதலும் இல்லை, வியாதியும் இல்லை. நானே ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டது. எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. சீப்பு உள்ளே போனால் பல் உடைந்துதான் வெளியே வரும். தொழில் கற்றுக்கொண்ட புதிதில், பார்லர்க்காரி தலையே இப்படி இருந்தால் எவள் வருவாள் என்று பயந்து, கிரீம் போட்டு, சூடு வைத்து, நீட்டி நீட்டிப் பார்த்தேன். முடி நேரானது வாஸ்தவம்தான். கூடவே கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது.

அப்போதுதான் பொம்மையார்பாளையத்தில் கடற்கரை விடுதிகள் இருக்கிற சந்தில், வெளிநாட்டுக்காரர்களுக்குச் சடை போட்டுவிடும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மீன்காரர் வீட்டுப் பெண், என் வயதுதான். தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் என் முடியை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆளுங்க இந்த மாதிரி முடி இல்லியேன்னு அழுவுறாங்க. நீ இன்னான்னா இதைச் சுட்டுச் சுட்டு சாவடிச்சிக்கினு இருக்க." அன்றைக்கே அவள் முன்னால் குந்திவிட்டேன்.

சடை என்றால் தலையை வாராமல் போட்டுவிட்டால் தானாக வந்துவிடும் என்று எல்லோருக்கும் நினைப்பு. போட்டுவிட்டால் வருவது குப்பை. அவள் என் தலையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டத்து முடியையும் கற்றாழைச் சாறு தொட்டு வேரிலிருந்து முறுக்கினாள். பிறகு ஸ்வெட்டர் பின்னுகிற கொக்கி ஊசியால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடிகளை உள்ளே இழுத்து இழுத்துச் செருகினாள். திரி திரியாக அது இறுகி நிற்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் பாதி நாள் நான் பார்ப்பதற்குப் பைத்தியக்காரி மாதிரிதான் இருந்தேன். அதை மறுக்கவில்லை.

வாரம் ஒருமுறை அலசியே ஆக வேண்டும். நுரை துளிகூட உள்ளே தங்கக் கூடாது. பழைய லுங்கியில் சுருட்டி ஒவ்வொரு திரியாகப் பிழிந்து, வெயில் இறங்குவதற்குள் மொட்டை மாடியில் காயவைத்துவிட வேண்டும். ஈரத்தோடு கொண்டை போட்டால் உள்ளே பூஞ்சை பிடித்து நாறும். எண்ணெயை வழிய வழிய ஊற்றக் கூடாது. பக்கத்துத் திரிகள் வேரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அவற்றை விரலால் பிரித்துவிட வேண்டும். படுக்கும்போது வழவழப்பான துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்தால் அப்புறம் ராஜ வாழ்க்கை. பாதியைத் தூக்கி முடிந்து பாதியைத் தொங்க விடலாம். இரண்டிரண்டாக முறுக்கிக் கயிறு மாதிரி பின்னலாம். கல்யாணத்துக்குப் போனால் மொத்தத்தையும் சுருட்டிக் கொண்டை வைத்து, சுற்றிலும் மல்லிகைச் சரம். பூ நழுவவே நழுவாது. நேர் முடிக்காரிகள் ஊசி மேல் ஊசி குத்திக்கொண்டு மண்டபமெல்லாம் பூவை உதிர்த்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் படு திருப்தியாக இருக்கும்.

இதெல்லாம் என் தங்கச்சியின் மாமியாருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அந்தம்மாவுக்கு விருப்பம் கிடையாது.

தங்கச்சியைக் கெடாரில் கொடுத்திருக்கிறோம். சொந்த நிலத்தில் மல்லாட்டை, கரும்பு போடுகிற குடும்பம். அவளுக்கும் என்னைப் போலவே சுருட்டை முடி. குழந்தை பிறந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் படுத்துவிட்டாள். படுத்த படுக்கையில் தலை தலையணையில் உரசி உரசிப் பின்மண்டையில் முடி சிக்குப் பிடித்துவிட்டது. ஒரு வேளை உட்கார்ந்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்திருந்தால் முடிந்திருக்கும். யாரும் உட்காரவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்தபோது அது உள்ளங்கை அகலத்துக்கு அட்டையாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்த மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தெருவில் நின்று, "எங்க வூட்டுக்கு ஆத்தா வந்துட்டா" என்று சத்தம் போட்டார். கதை அங்கே ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் ஒருத்தியின் தலையில் தானாகச் சடை விழுந்தால் அங்காளம்மன் வந்துவிட்டாள் என்று அர்த்தம். சீப்புப் படக் கூடாது, கத்திரி படக் கூடாது. எடுப்பதென்றால் ஆத்தாளே உத்தரவு கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் அது சாமி. சாமிக்கு என்ன செய்வார்கள்? அபிஷேகம் செய்வார்கள். வெள்ளிக்கிழமைதோறும் என் தங்கச்சியை மணை போட்டு உட்கார வைத்து, அந்தச் சிக்கின்மேல் மஞ்சள் தண்ணீர், பால், சில நாள் தயிர், பழம் எல்லாம் ஊற்றினார்கள். அதன்மேல் குங்குமம். அலசக் கூடாதாம், தீட்டாம். துடைக்கவும் கூடாதாம்.

அட, பால் ஊற்றுவதற்கு ஆத்தாளுக்குக் கோயிலில் கல் இருக்கிறதே! கல் தாங்கும். என் தங்கச்சி மண்டை எப்படித் தாங்கும்?

நான் பார்க்கப் போன அன்று வாசலிலேயே நாற்றம் அடித்தது. புளித்த பாலும் ஈரத் துணியும் கலந்த நாற்றம். உள்ளே பாயில் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலைந்து பெண்கள் எதிரே கைகட்டி நின்றார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து விபூதித் தட்டைப் பிடித்திருந்தார். வரப்புச் சண்டையில் வருடக்கணக்கில் முகம் பார்க்காத பங்காளி வீட்டுக்காரிகள் அவர் வீடு தேடி வந்து கும்பிட்டு நிற்கிறார்கள். அந்தப் பெருமை அந்தம்மாவின் முகத்தில் எண்ணெய் வழிவது போல வழிந்தது. ஆத்தா வந்தது யாருக்காக என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கூட்டம் போனதும் தங்கச்சி என் கையைப் பிடித்தாள். "அக்கா, பின்னாடி தல வெச்சிப் படுக்க முடியல. உள்ள இன்னாவோ ஊருது. எரியுது. எடுத்துடுன்னு தெனமும் சொல்றேன், ஒருத்தரும் கேக்கல."

நான் அந்த அட்டையைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினேன். மாமியார் பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத! சுத்த பத்தமா இருக்கியோ இன்னாவோ."

"அத்தை, இது சாமி இல்ல, சிக்கு. உள்ள புண்ணு இருக்குது, நாத்தமே சொல்லுதே. நான் இந்தத் தொழில்தான பண்றேன்? என் தலையப் பாருங்க, எப்படி இருக்குது?"

அந்தம்மா என் தலையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நீ ஊசி வெச்சிப் பின்னிக்கினது. அது வேஷம். எம்மருமவளுக்கு ஆத்தாளே தேடி வந்து குந்திக்கினு இருக்கறா. எழுந்து போன்னு சொல்ல நீ யாரு, நான் யாரு?"

"அவளே எடுக்கச் சொல்றாளே?"

"அது பொண்ணு பேசறது. ஆத்தா பேசினா எனக்குத் தெரியும்."

பாருங்கள் நியாயத்தை. தலை அவளுடையது, வலி அவளுடையது, பேச்சு மட்டும் செல்லாது. தங்கச்சியின் வீட்டுக்காரன் எஞ்சினியரிங் படித்தவன், விழுப்புரத்தில் வேலை. அவனாவது பேசுவான் என்று திரும்பினேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே, "நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்லீங்க" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விபூதித் தட்டைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். தங்கச்சி இன்னும் அந்த வீட்டில் இருந்தாக வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் போகும்போதெல்லாம் இதே சண்டைதான். கடைசியில், நான் போலீசுக்குப் போவேன் என்று கத்திய பிறகு, மாமியார் ஒரு படி இறங்கி வந்தார். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் ஆத்தாள் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. முகம் தெரியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் சடையை எடுக்கலாம், சிவப்பு வந்தால் இருக்கட்டும் என்று அர்த்தம். சீழ் பிடித்த மண்டைக்கு வைத்தியம் பூப்பொட்டலத்திலிருந்து! ஆனாலும் தலையாட்டினேன். பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருக்கிறதே. கைப்பையில் கத்திரியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அமாவாசைக்கு மேல்மலையனூரில் கால் வைக்க இடம் இருக்காது. ராத்திரி அம்மன் ஊஞ்சல் ஆடுவதைப் பார்ப்பதற்குக் காலையிலேயே குடும்பம் குடும்பமாக வந்து துண்டு விரித்துப் படுத்துவிடுவார்கள். எலுமிச்சம்பழம், வேப்பிலை, கற்பூரப் புகை, பம்பைச் சத்தம். தங்கச்சிக்கு நிற்கவே முடியவில்லை. குழந்தையை அவளுடைய வீட்டுக்காரன் வைத்திருந்தான், அவளை நான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். நெரிசலில் ஒருத்தர் முழங்கை அவள் பின்மண்டையில் பட்டது. அவள் போட்ட சத்தத்தில் சுற்றி இருந்தவர்கள், "ஆத்தா வந்துட்டா, வழி விடுங்க" என்று கும்பிட்டார்கள். அவள் வலியில் கத்தினாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வரிசையில் நின்றிருந்த யாரோ ஓர் அம்மாவிடம் பொட்டலங்களை நீட்டினார்கள். அந்தம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சிவப்பு அரளி.

மாமியார் "தாயே!" என்று கையைத் தலைக்குமேல் தூக்கினார். தங்கச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். "செத்துடுவேன்க்கா" என்று மட்டும் சொன்னாள், சாதாரணமாக, பஸ் வந்துவிட்டது என்பது போல.

நான் அவளை இழுத்துக்கொண்டு வந்து மதில் ஓரமாக ஒரு நிழலில் உட்கார வைத்தேன். உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. வெயில் பாதி, கோபம் பாதி. கூட்டத்தில் தொந்தரவு வேண்டாம் என்று காலையிலிருந்து தலையில் துணி சுற்றி இருந்தேன். அதை உருவி அவளுக்கு விசிற ஆரம்பித்தேன். கொண்டை அவிழ்ந்து சடை மொத்தமும் இடுப்பு வரைக்கும் இறங்கியது.

முதலில் ஒருத்தி என் காலில் விழுந்தாள். யாரோ தடுக்கி விழுந்தார்கள் என்று நினைத்துத் தூக்கப் போனேன். அவள் எழுந்து, "தாயே, எம்மவளுக்கு ஒரு வழி காட்டும்மா" என்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி. ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். ஒருத்தர் எலுமிச்சம்பழத்தை என் மடியில் வைத்தார். நிமிர்ந்து பார்த்தால் வரிசை கட்டிவிட்டார்கள். "எவ்ளோ சுத்தமா வுழுந்துருக்குது பாரு சடை, ஒண்ணு ஒண்ணும் தனித்தனியா. இதுதான்டி நெசமான ஆத்தா" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது என் காதில் விழுந்தது. பொம்மையார்பாளையத்துக்காரியின் கொக்கி ஊசிக்குக் கிடைத்த பெயர் அது.

எனக்கு அப்படி ஒரு எரிச்சல். "எழுந்திருங்க, நான் பார்லர் வெச்சிக்கினு இருக்கறவ" என்று சொன்னேன். ஆத்தா விளையாடுகிறாள் என்று சிரித்தார்கள்.

இதையெல்லாம் மாமியார் பொறுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் தன் மருமகளைச் சாமியாக்கிக் கூட்டி வந்திருக்கிறார், கும்பிடு எனக்கு விழுகிறது. "ஏம்மா, இதுங்கால்ல போயி வுழறீங்க? அது ஊசியில பின்னிக்கினது. எங்க சம்மந்தி வூட்டுப் பொண்ணுதான்" என்று முன்னால் வந்தார்.

அவ்வளவுதான். கூட்டம் பிடித்துக்கொண்டது. "இன்னா பேச்சு பேசற? ஆத்தா சன்னதியில நின்னுக்கினு ஆத்தாளையே பழிக்கிறியா? நாக்கு அழுவிப் போயிடும்!" என்று முதலில் விழுந்தவள் பாய்ந்தாள். பெரியவர், "மன்னிப்புக் கேளும்மா, வூட்டுக்கு ஆவாது" என்றார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கெடாரில் விபூதித் தட்டோடு ராஜ்ஜியம் நடத்திய அம்மா அங்கே நாலு பேர் நடுவில் முழித்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்லப் பயம் வந்ததை நான் பார்த்தேன். ஊரே சொன்னால் அது நிஜம் என்றுதானே அவர் கெடார்க்காரர்களையும் நம்ப வைத்தார்? அதே கணக்கு இப்போது அவர்மேலேயே திரும்பியது. கை தானாகக் குவிந்தது. என் எதிரே குந்தினார்.

"தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிடு... ஆத்தா."

எனக்கு ஆடத் தெரியாது. குரலை மாற்றத் தெரியாது. அப்படிச் செய்ய நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. பார்லரில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னேன்.

"எடுத்துடு."

"எதை தாயே?"

"இவ தலையில இருக்கறத. இப்பவே."

மாமியார் உடனே எழுந்து, முடி இறக்குகிறவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஓடினார். அந்த ஆள் வழக்கப்படி, "உத்தரவு ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சுப்பா, ஆச்சு. ஜல்தி வா" என்று அந்தம்மாவே அவர் கையைப் பிடித்து இழுத்தார். சிவப்பு அரளி எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை.

நான் முடி இறக்குகிறவரிடம் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டேன். கத்திரி என்னிடம் இருந்தது. அட்டை தோலோடு ஒட்டி இருந்ததால், தண்ணீர் விட்டு விட்டு, ஓரத்திலிருந்து இழை இழையாக வெட்டினேன். தங்கச்சி என் புடவையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொத்தமும் ஒரு மிதியடி மாதிரி கழன்று வந்தது. அதன் அடியில் தோல் வெளுத்து ஊறிப்போய் இரண்டு இடத்தில் குழி விழுந்திருந்தது. குழிக்குள் புழு நெளிந்தது. இவ்வளவு நேரம் எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். என்னைத் தவிர தொட ஆள் இல்லை.

மாமியார் குனிந்து பார்த்தார். பிறகு கீழே கிடந்த அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி, கண்ணில் ஒற்றி, மடியில் கட்டிக்கொண்டார். புண்ணைப் பார்த்த கண்ணிலேயே ஒற்றிக்கொண்டார் என்பதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. தங்கச்சியின் வீட்டுக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் ஆத்தா கருணைங்க" என்றான்.

"ஆட்டோ பிடிச்சிக்கினு வா தம்பி" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எவ உத்தரவும் வேணாம்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு, எங்களை ஒவ்வொருத்தராக நிமிர்ந்து பார்த்தார். "எவ்ளோ நாளா இருக்குது இது? இவ்ளோ ஆவற வரைக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? ஏம்மா, உனக்கு வலிக்கல? வாயத் தொறந்து சொல்ல மாட்ட?"

மாமியார் மஞ்சள் மூட்டையைத் தடவிக்கொண்டே முந்திக்கொண்டார். "ஆத்தா இப்பதாம்மா சொன்னா."

தங்கச்சி படுக்கையிலிருந்து முகத்தை மட்டும் திருப்பினாள்.

"நான் சொன்னேன் சிஸ்டர்" என்றாள். "தெனமும் சொன்னேன்."